சவரக்கத்தியும் படிகாரம் தொட்ட கையும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சவரக்கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு சவரம் முடிந்து அடுத்த சவரம் வரைக்கும் கத்தி சும்மா கிடக்கிறதே, அந்த நேரத்தைப் பற்றித்தான் பேச்சு. தாடியில் ஓடித் தேய்கிற கத்தியைத் தீட்டிச் சரிசெய்துவிடலாம். மடக்கி வைத்த இடத்தில் துருப்பிடித்த கத்திதான் ஆளை அழவைக்கும்.

மடக்குக்கத்தி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். சலூனில் இல்லைதான். 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு, அந்தப் பயம் ஊர் ஊராகப் பரவிய பிறகு ஆளுக்கொரு புது பிளேடு என்று ஆகிவிட்டது. ஆக வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தாத்தாவின் கத்தி பீரோவுக்குள் கிடக்கிற வீடுகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போனால், பழைய பூட்டு, பழைய கடிகாரத்துக்கு நடுவே சவரக்கத்தியும் கிடக்கும். இளவட்டங்கள் சிலர் ஆசையாக வாங்கித் தங்கள் முகத்துக்கென்றே வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

என் தாத்தா சோழவந்தான் பக்கம் முடிதிருத்தும் தொழிலாளி. அப்பா மதுரையில் சலூன் வைத்தார். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரும்பை ராவவும் கடையவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தாத்தாவின் கத்தி இன்னும் என்னிடம் ஓடுகிறது. ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்ப் பெயர் பொறித்த கத்தி.

தாத்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வலது கை கத்திக்கு, இடது கை படிகாரத்துக்கு. சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, விளிம்பைச் சீராக்குகிற தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்து, சவரச் சாமான் வைக்கிற அடப்பத்துக்குள் வைத்த பிறகுதான் இடது கை படிகாரத்தை எடுக்கும். படிகாரம் தேய்த்த கையைக் கழுவித் துடைக்காமல் அடுத்த ஆளை உட்கார வைக்க மாட்டார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், இது ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஊரில் ஒரு பெரிய தலைக்கட்டு. அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் அவருக்குச் சவரம். நானும் கிண்ணம் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். ஒருநாள் அவரே படிகாரத்தை வாங்கிக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டார். தேய்த்த ஈரக் கையோடு, "என்னப்பா, புதுக் கத்தியா?" என்று குனிந்து கத்தியை எடுக்கப் போனார். தாத்தா சட்டென்று கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அய்யா, மன்னிக்கணும். படிகாரம் தொட்ட கை. கழுவிட்டு வாங்க, தாரேன்." திண்ணையில் இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தக் காலத்தில் அந்த வாசலில் நின்று அந்த மனிதரைப் பார்த்துக் கையைக் கழுவிவிட்டு வா என்று சொல்வது லேசான விஷயமில்லை. வேறு எதற்கும் தாத்தா அவர் முன்னால் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அவர் ஒரு நிமிடம் முறைத்தார். அப்புறம் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல உருப்படி" என்று கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தாத்தா ஒன்றும் பேசவில்லை.

சாமி காரியம் இல்லை என்பது வெகுகாலம் கழித்து, பட்டறையில் உலோகத்தோடு புழங்கிய பிறகுதான் புரிந்தது. படிகாரம் ஒரு உப்பு. தண்ணீரில் கரைந்தால் அமிலத்தன்மை காட்டும். உப்பும் அமிலமும் சேர்ந்து இரும்பில் பட்டால் கேட்கவா வேண்டும்? அடுப்படியில் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சை அறுத்த அரிவாள்மனையைக் கழுவாமல் வைத்தால் காலையில் எப்படிக் கறுத்துக் கிடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். சவரக்கத்திக்குப் படிகாரம் அப்படித்தான். இன்றைக்கும் படிகாரக் கட்டியையும் கத்தியையும் ஒரே கிண்ணத்தில் போட்டு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதையெல்லாம் இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா? வேண்டும். தலைமுடியின் பருமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரான்கூட இருக்காது. கத்தியின் முதுகில் கடுகளவு துரு ஏறினால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். விளிம்பில் கண்ணுக்கே தெரியாத துரு ஏறினாலும் அந்த இடம் உதிர்ந்துவிடும். மறுநாள் கத்தி கடிக்கும். 'சுணை போச்சு, கல்லில் போடணும்' என்போம். சுணை என்றால் கூர்மை. துருவைத் துடைத்துவிடலாம், உதிர்ந்த இரும்பு திரும்பி வராது.

எவர்சில்வரில் செய்யலாமே என்றால், செய்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்ற உலோக வல்லுநர் 1913-இல் குரோமியம் சேர்த்து உருக்கிய வகைதான் அது. இரும்பில் நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் இருந்தால் துரு அண்டுவது குறையும். ஆனால் பழைய கத்திகள் பெரும்பாலும் கரிமம் கூடிய எஃகு. நல்ல சுணை ஏறும், ஈரம்தான் ஆகாது.

சரி, துடைக்கிற முறைக்கு வருவோம். மதுரையில் பல வீடுகளில் குழாயில் வருவது போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புத்தான். கடைசியாக அலசும்போது ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சூடாக இருந்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் காயும். பிறகு மெல்லிய பருத்தித் துணியில், முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பைப் பார்த்துத் துடையுங்கள். விளிம்பின் நீளத்தில் விரலையோ துணியையோ ஓட்டாதீர்கள், விரலும் போகும், கத்தியும் போகும்.

எல்லாரும் அலகைத் துடைக்கிறார்கள். தண்ணீர் ஒளிந்திருப்பது அலகில் இல்லை. கத்தி மடங்குகிற இடத்தில் ஒரு ஆணி இருக்கிறதே, அங்கேதான். பிடியின் இரண்டு தகட்டுக்கு நடுவிலும் நிற்கும். துணியை நாடா மாதிரி கிழித்து அந்த இடுக்கில் விட்டு இழுங்கள். தோல்வாரில் இரண்டு இழுப்பு. அதற்கப்புறமும் மூடிவிடாதீர்கள். பிள்ளைகள் கை எட்டாத இடமாகப் பார்த்து அரைமணி நேரம் திறந்தே வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், காயாமல் மூடக் கூடாது. மூடினால் ஆணியில் இருக்கிற ஈரம் பிடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

தினமும் ஓடுகிற கத்திக்கு இது போதும். சித்திரை வைகாசியில் காற்று காய்ந்து கிடக்கும், கவலையில்லை, கைவியர்வையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும், வாரக்கணக்கில் எடுக்காமல் வைக்கும்போதும் எண்ணெய் வேண்டும். என்ன எண்ணெய்? நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பிசின் ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும். மார்கழிக் காலையில் உறைந்துபோகும், பழையதானால் சிக்குவாடை வரும். நான் கைகாட்டுவது தையல் மெஷின் எண்ணெய். ஒரே ஒரு சொட்டு, அலகு முழுக்க மெல்லப் பரவட்டும், ஆணியில் இன்னொரு சொட்டு. அடுத்த தடவை எடுக்கும்போது துடைத்துவிட்டு முகத்தில் வையுங்கள்.

குளியலறையில் வைக்காதீர்கள், அங்கே எப்போதும் ஈரக்காற்று. தோல் உறையும் வேண்டாம். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக வருமே சிலிக்கா ஜெல், அதைத் தூக்கிப் போடாமல் கத்தி இருக்கிற டப்பாவில் போடுங்கள். சந்தையில் வாங்கிய கத்திக்குப் பழைய செல்லுலாய்டு பிடி இருந்தால் கவனம். அது நாள்பட்டுச் சிதையும்போது வெளிவிடுகிற வாயு, எவ்வளவு எண்ணெய் பூசினாலும் அலகை அரித்துவிடும். அந்தக் கத்தியை மற்றதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

ஏற்கெனவே துருப்பிடித்த கத்தியை மீட்பது பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆகவே சுருக்கமாக. சிவப்புத் துருவை எண்ணெய் தொட்ட துணியில் துடைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும், மிச்சத்துக்கு பித்தளை துலக்குகிற பிராசோ போடலாம். சாம்பல் நிறத்தில் மங்கிப் படிந்திருப்பது துரு இல்லை, விட்டுவிடுங்கள். விளிம்பில் குழி இருந்தால் நீங்கள் கை வைக்காமல், கல்லில் தீட்டத் தெரிந்தவரிடம் போங்கள். தெருவில் சக்கரம் சுழற்றி வருகிற சாணைக்காரர் அரிவாளுக்கு நல்லவர்தான், ஆனால் சவரக்கத்தியை அவரிடம் நீட்டாதீர்கள். சக்கரத்தின் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த எஃகில் சுணை நிற்காது. வணக்கம்.