கை மாறியது, கத்தி மாறவில்லையே!

நடுவர் அவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

"காவல்துறை ஆளுங்கட்சிக்கு வளைவதற்குக் காரணம் ஆட்சியாளரா, சட்டமா?" இதுதான் இன்றைய தலைப்பு. சட்டமே என்பது எங்கள் அணி, ஆட்சியாளரே என்பது எதிரணி. எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "கத்தியைக் குறை சொல்லாதீர்கள், அது காயும் நறுக்கும், கழுத்தும் அறுக்கும். பிடித்த கை யாருடையது என்று பாருங்கள்" என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்! ஆனால் ஐயா, காய் நறுக்கவே வராத கத்தி ஒன்று நம் வீட்டில் கிடக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

குண்டர் சட்டத்தைச் சொல்கிறேன். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், ரவுடி என்று தொடங்கிய பட்டியலில் அப்புறம் திருட்டு வி.சி.டி. விற்பவர் சேர்ந்தார், மணல் அள்ளுபவர் சேர்ந்தார், இணையக் குற்றம் செய்பவர் சேர்ந்தார். எந்த ஆட்சி வந்தாலும் பட்டியல் நீளும். குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனர், மாவட்டம் என்றால் கலெக்டர். ஒரே ஒரு கையெழுத்து. 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது, சிறை மட்டும் உண்டு. உள்ளே வைத்தது சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம் முன்னால் போய் நிற்கலாம்; வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை. திருடியவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. வெளியே விட்டால் திருடுவான் என்று நினைத்துப் பிடித்து வைப்பது என்ன வேலை? ஜோசியம்!

சரி, கையைப் பார்ப்போம். 2017-இல் அ.தி.மு.க. ஆட்சி. ஈழத்தில் செத்தவர்களுக்கு மெரினாவில் அஞ்சலி செலுத்தக் கூடியதற்காக மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தி மேல் குண்டர் சட்டம். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. "பார்த்தீர்களா, அந்தக் கை கெட்ட கை" என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். 2023-இல் தி.மு.க. ஆட்சி. செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடிய விவசாயிகள் ஏழு பேர் மேல் அதே குண்டர் சட்டம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆறு பேர் மேல் போட்டதை வாபஸ் வாங்கினார்கள்.

யார் இந்தத் தி.மு.க.? 1976-இல், நெருக்கடி நிலையின்போது, விசாரணை இல்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் சென்னை மத்திய சிறைக்குள் வைத்து அடித்து நொறுக்கப்பட்ட கட்சி. அங்கே அடிபட்ட தன் எம்.பி. சிட்டிபாபுவைப் பறிகொடுத்த கட்சி. கை நல்ல கையாக இருந்தால் போதும் என்றால், அடிவாங்கிய கையைவிட நல்ல கையை எங்கே போய்த் தேடுவது நடுவரே?

இதைவிடக் கொடுமை, வைகோ கதை. 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நிறைவேற்றியது அவர் கட்சியும் இருந்த கூட்டணி அரசு. அதே ஆண்டு ஜூலையில் அவரையே பொடாவில் பிடித்து வேலூர் சிறையில் போட்டது இங்கே இருந்த மாநில அரசு. 19 மாதம்! டெல்லியில் ஒருவர் செய்து வைத்ததைச் சென்னையில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். செய்தவர் எந்த நினைப்பில் செய்தார் என்று சட்டத்துக்குத் தெரியுமா? 2004-இல் பொடாவை ஒழித்தார்கள். அதன் பிரிவுகள் பலவற்றை உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேற்றினார்கள்.

"அதுதான் நீதிமன்றம் இருக்கிறதே" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். இருக்கிறது, கும்பிடுகிறேன். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். குண்டர் சட்டம் மாதிரியான தடுப்புக் காவல் உத்தரவோடு ஒரு கட்டுக் காகிதம் கொடுப்பார்கள். பல வழக்குகளில் அந்த உத்தரவு எப்படி உடைகிறது தெரியுமா? அந்தக் கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாத ஜெராக்ஸாக இருக்கும். ஒரு ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்காது. கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் ஆகியிருக்கும். நிரபராதி என்பதால் வருகிற விடுதலை இல்லை ஐயா, ஜெராக்ஸ் மங்கியதால் வருகிற விடுதலை! அதற்குள் பல மாதம் உள்ளே போய்விட்டது. போட்டவருக்கு என்ன நஷ்டம்? அவருக்கு வேண்டியதே அந்தச் சில மாதம்தான்.

சாத்தான்குளத்தைச் சொல்லி எதிரணி அம்மையார் அவையைக் கலங்க வைத்தார். 2020 ஜூனில் ஒரு தகப்பனும் மகனும் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்தார்கள். "எந்தச் சட்டம் அடிக்கச் சொன்னது? மனிதர்கள்தானே அடித்தார்கள்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன்: அடித்தால் கேட்க ஆள் இல்லை என்ற தைரியத்தை யார் கொடுத்தது? மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனபோது, கேமரா இருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. பதிவுகள் மட்டும் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். இது ஒரு தனி மனிதரின் ஆத்திரமா, ஏற்பாடா?

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: போலீஸ் மேல் புகார் விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும். நாம் 2013-இல் சட்டம் போட்டோம். தலைவராக யாரை வைத்தோம்? உள்துறைச் செயலாளரை! போலீஸ் எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ, அந்தத் துறையின் அதிகாரியை. உறுப்பினர்? டி.ஜி.பி.! மாமியார் மேல் மருமகள் கொடுத்த புகாரை மாமனாரும் மகனும் விசாரிப்பார்களாம். 2013-இல் இதைப் போட்டது ஒரு கட்சி. 2021-இல் வந்த அடுத்த கட்சிக்கு இதை மாற்ற எத்தனை நாள் வேண்டும்?

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவரே, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1977-இல் ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. வந்தவர்களில் பலர் மிசா சிறையிலிருந்து நேராக வந்தவர்கள். 1978-இல் அரசியல் சட்டத்துக்கு 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன் 3-ஆவது பிரிவு, அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது; உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் கழகம் அமைய வேண்டும் என்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியாயிற்று. அமலுக்கு வர மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டால் போதும். ஜனதா போடவில்லை. இந்திரா காந்தி போடவில்லை. அதற்குப் பிறகு டெல்லியில் எத்தனை நிறத்தில் எத்தனை அரசு வந்தது, ஒருவரும் போடவில்லை. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அதைப் போட்டிருக்கக்கூடிய அந்த நல்ல கை யாருடையது என்று பெயர் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.