ரோஸ் கலர் போனும் என் வீட்டுக்காரரும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், சாப்பாட்டு வாசனை வந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பெரியவர்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்தது எட்டு நிமிடம். வணக்கத்திலேயே கொஞ்சம் போய்விட்டது.

"ஆண்கள் கையில் ரோஸ் கலர் கைப்பேசி: ரசனையா, ரகளையா?" இதுதான் தலைப்பு. ரசனையே என்று பேச வந்தவள் நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் ஐயா, தலைப்பைக் கேட்டதும் இதில் பேச என்ன இருக்கிறது என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தைப் போக்கியவர் எதிரணித் தலைவர் அண்ணன்தான். சற்று முன்னால் இதே மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார்? "மூன்றாவது வரிசையில் தங்கச்சியின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் இருப்பது ரோஸ் கலர் போன். அது ரசனையும் இல்லை, ரகளையும் இல்லை, வீட்டு உத்தரவு!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பாவம் என் வீட்டுக்காரர், அந்தப் போனை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டார்.

என்னங்க, வெளியே எடுங்க. தூக்கிக் காட்டுங்க. இன்னும் கொஞ்சம் மேலே, பின்னால் இருக்கிறவர்களுக்கும் தெரியட்டும். போதும், கையை இறக்குங்க, வலிக்கப் போகிறது.

அண்ணே, இதற்குப் பெயர்தான் வீட்டு உத்தரவு. அந்தப் போன் வந்த கதை வேறு.

தைப்பூசம். நம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம். வருஷா வருஷம் அங்கே ஒரு தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. சட்டைப் பையில் அவருடைய பழைய போன். கன்னங்கரேல் என்று, அண்ணன் ஆசைப்படுகிற மாதிரி, நூற்றுக்கு நூறு ஆம்பளைப் போன். குவளையில் மோர் எடுக்கக் குனிந்தார். "ப்ளக்". அவ்வளவுதான் சத்தம். வரிசையில் முதலில் நின்ற பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கருப்பா என்னமோ உள்ளே போச்சே, கறிவேப்பிலையா?" என்று கேட்டார். இவர் முழங்கை வரைக்கும் அண்டாவுக்குள் விட்டுத் துழாவுகிறார். பாட்டி விடவில்லை. "பரவாயில்ல தம்பி, கறிவேப்பிலை உடம்புக்கு நல்லதுதானே, ஊத்துங்க." ஒரு அண்டா மோரைக் கீழே கொட்ட வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, யாரோ சொன்னார்கள் என்று போனை இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தார். மோரில் விழுந்தது, அரிசியில் கிடந்தது. மோர்சாதம் ஆனதே தவிர உயிர் வரவில்லை.

அப்புறம் கொம்தார் கோபுரம் பக்கம் பிராங்கின் மாலுக்குப் போனோம். இவர் கேட்ட மாடலில் கருப்பு இல்லை, நீலம் இல்லை, வெள்ளை அடுத்த வாரம். இருந்தது ஒன்றே ஒன்று. ரோஸ். கடைக்காரச் சீனப் பையன் அதை எடுத்து வைத்துவிட்டு இவரைப் பார்த்து, "அபாங், இனி உந்துக் கக்காக் கா?" என்றான். அண்ணே, இது அக்காவுக்கா என்று கேட்கிறான்! இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி, கவர் பார்ப்பது போல நின்றுகொண்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பேட்டரி அதேதானா? அதேதான். கேமரா? அதேதான். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "உள்ளேயும் ரோஸா இருக்குமா?" அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுக்கு மட்டும் 150 ரிங்கிட் குறைவு" என்றான். ஐயா, தமிழன் வீரத்தைப் பற்றிப் பரணி பாடியிருக்கிறார்கள். அந்த வீரத்துக்குப் பினாங்கு விலை நிலவரம் 150 வெள்ளி. வாங்கிவிட்டார்! வாங்கியவர் சும்மா வந்தாரா? 40 வெள்ளி கொடுத்து அதற்குக் கருப்புக் கவர் ஒன்று போட்டார். மானத்தில் கொஞ்சத்தை அங்கேயே திருப்பி வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. கவர் ஓரத்தில் ரோஸ் எட்டிப் பார்க்கிறதே! மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் டீ குடிக்கிற நண்பர்கள் கேட்டார்கள். "வேற ஸ்டாக் இல்லடா" என்றார். வேலையிடத்தில் கேட்டார்கள். "டிஸ்கவுண்ட் சார்" என்றார். என் மாமியார் கேட்டார். அங்கேதான் ஐயா, கொஞ்சமும் கூசாமல், "உங்க மருமகதான் எடுத்தா" என்றார். அண்ணே, உங்களுக்கு உளவுச் செய்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? என் மாமியாரும் உங்கள் அம்மாவும் வெள்ளிக்கிழமை ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள்.

எங்கள் பையனுக்கு ஆறு வயது. ஒரு நாள் அவன் அந்தக் கவரைக் கழற்றிவிட்டு, "அப்பா, இதை ஏன் மூடி வெச்சிருக்கீங்க? இந்தக் கலர் உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டான். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிடிச்சுத்தாண்டா வாங்கினேன்" என்றார். ஸ்டாக், டிஸ்கவுண்ட், மருமகள் எல்லாம் வெறும் சாக்கு! 40 வெள்ளிக் கவர் இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் மேசைக் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

சரி, வாதம் ஒன்றும் இல்லையா என்று நடுவர் பார்க்கிறார். இருக்கிறது ஐயா.

பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு நீலம், காலங்காலமாக அப்படித்தான், இயற்கையே அப்படித்தான் என்றார் அண்ணன். எந்தக் காலம் அண்ணே? 1918-இல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை எழுதியது, ரோஸ்தான் பையனுக்கு, நீலம்தான் பெண்ணுக்கு என்று. காரணமும் சொன்னது: ரோஸ் அழுத்தமான நிறமாம், நீலம் மென்மையானதாம். 1927-இல் டைம் பத்திரிகை பெரிய துணிக்கடைகளைக் கேட்டுப் பட்டியல் போட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாஸ்டனிலும் சிகாகோவிலும் பையனுக்கு ரோஸ் விற்ற கடைகள் இருந்தன. நூறு வருஷத்துக்குள் கடைக்காரன் மாற்றி வைத்ததை இயற்கையின் தலையில் கட்டலாமா?

அவ்வளவு தூரம் எதற்கு? நம் மலேசியாவுக்கே வருவோம். என் பையனின் மைகிட், அதுதான் பிள்ளைகளுக்கான அடையாள அட்டை, என்ன நிறம்? ரோஸ்! ஆணோ பெண்ணோ, 12 வயது வரைக்கும் குடியுரிமை உள்ள எல்லாப் பிள்ளைக்கும் அரசாங்கமே கொடுக்கிறது. அப்புறம்தான் நீல மைகார்ட். குடிமக்களுக்கான அந்த நீல அட்டைக்காக, நிரந்தரவாசி என்கிற சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு நடையாய் நடக்கிற நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், எந்த நிறத்துக்காகக் கவலைப்பட வேண்டும் என்று. அது வேறு பட்டிமன்றம்.

இன்னொன்று. மேடை ஏறுவதற்கு முன்னால் அண்ணன் இரண்டு கிளாஸ் குடித்தாரே, அது என்ன? ஆயர் பண்டோங்! பாலில் ரோஸ் சிரப். வாய்க்குள் போகலாம், கையில் இருக்கக் கூடாதா? அண்ணன் மகன் முன்வரிசையில் ஒரு பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதுகில் பத்தாம் எண், மெஸ்ஸி. 2023-இல் மெஸ்ஸி மியாமி கால்பந்து அணிக்குப் போனார், அந்த அணிக்கு ரோஸ் பனியன்; அன்றிலிருந்து பசார் மாலாம் இரவுச் சந்தையில் தொங்குகிற பனியன் எல்லாம் ரோஸ். தம்பி, வீட்டில் உனக்கு உத்தரவு போட்டது யாருப்பா?

போன் செய்கிறவனும் லேசுப்பட்டவன் இல்லை. 2015-இல் ஆப்பிள்காரன் ரோஸுக்குப் பக்கத்தில் கோல்டு என்று ஒரு வார்த்தையை ஒட்டினான். ஆண்களும் வாங்கினார்கள், கேட்டால் அது தங்கம் என்றார்கள். 2023-இல் வந்த ஐபோன் 15-இல் சாதா மாடலுக்கு ரோஸ் உண்டு. விலை கூடின புரோவுக்குக் கிடையாது. அங்கேயே தெரிகிறதே, யாரை எங்கே உட்கார வைக்கிறான் என்று! 2009-இல் டெல் கம்பெனி பெண்களுக்காக டெல்லா என்று தனியாக ஓர் இணையதளமே வைத்தது. மடிக்கணினி வாங்குகிற பெண்ணுக்கு அதில் சமையல் குறிப்பும் கலோரிக் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் கொடுத்த கொடுப்பில் சில வாரத்தில் பேரையே எடுத்துவிட்டார்கள். பெண்கள் எங்களுக்கு ரோஸ் பூசிக் கொடுத்து மட்டம் தட்டினதும் இந்தக் கம்பெனிக்காரர்கள்தான், அதைத் தொட்டால் கேவலம் என்று ஆணை மிரட்டினதும் அவர்கள்தான். அதைத்தான் அண்ணன் இங்கே நின்று இலவசமாக விளம்பரம் செய்துவிட்டுப் போனார்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். கவர் பார்ப்பது போல நின்றேன் என்றேனே, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இது என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

எங்கள் அப்பாவுக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை. வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில். கப்சாய் மோட்டாரில் தினமும் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போவார், 13.5 கிலோமீட்டர், கடல் காற்று, பக்கத்திலேயே லோரிகள். அப்போது மோட்டாருக்கும் டோல் உண்டு, 2019-இல்தான் எடுத்தார்கள். என்னை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். நானே எடுத்தது. ரோஸ், பக்கவாட்டில் ஒரு பூனை. அப்புறம் நான் படிப்புக்குக் கோலாலம்பூர் போய்விட்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது பார்க்கிறேன், அப்பா வேலைக்குக் கிளம்புகிறார், தலையில் என் ஹெல்மெட். ஐம்பத்திரண்டு வயது ஆள், மீசை, காக்கிச் சட்டை, பூனை. அவருடைய கருப்பு ஹெல்மெட் மழையில் வழுக்கி விழுந்ததில் பிளந்துவிட்டதாம். வேலையிடத்தில் அவரைப் பூனை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது. "ஏம்பா, புதுசு வாங்கக் கூடாதா?" என்றேன். "ராத்திரி மழையில லோரிக்காரனுக்கு இந்தக் கலர் நல்லாத் தெரியுதும்மா" என்றார். நானும் நம்பினேன். மூன்று வருஷம் நம்பினேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாதான் சொன்னார். "புதுசு வாங்க உங்கப்பா ரெண்டு தடவை காசு எடுத்து வெச்சாரு. ரெண்டு தடவையும் நீ போன் பண்ணிட்டே."

ஒவ்வொரு தடவையும் எதற்குப் போன் பண்ணினேன் என்று எனக்கு ஞாபகம்கூட இல்லை ஐயா. புத்தகத்துக்கா, சும்மா செலவுக்கா, தெரியவில்லை.

அன்றைக்குப் பிராங்கின் மாலில் அந்தப் பையன் "அக்காவுக்கா" என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். இருந்தாலும் எடுத்தார்.

இரண்டாவது மணி. முடித்துவிட்டேன் ஐயா. அப்பா இன்றைக்கும் பிறையிலிருந்து மோட்டாரில்தான் வந்திருக்கிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் ஒரு கப்சாய் கண்ணாடியில் ரோஸ் ஹெல்மெட் ஒன்று மாட்டியிருக்கும். பட்டை மட்டும் புதுசு. அண்ணே, கிளம்புகிற அவசரத்தில் உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

வணக்கம்.