வரைபடப் பென்சில்: நுனியிலிருந்து ஓர் ஒப்பீடு

[காட்சி: வெள்ளைத் துணியின் மேல் மூன்று பென்சில்கள்]

வணக்கம். பழைய வரைபடப் பென்சில்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்தே வாங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது நுனியை. இந்த மூன்றையும் வேறுபடுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான் உண்டு.

முதலில் இருப்பது ஸ்டெட்லர் மார்ஸ் 780. இது கிளட்ச் பென்சில் வகை. இதன் முன்னோடியாகக் கருதத்தக்க ஃபிக்ஸ்பென்சிலை 1929-இல் ஜெனீவாவின் கரன் தாஷ் நிறுவனம் வெளியிட்டது. பின்முனைப் பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருக்கும் பித்தளைத் தாடைகள் விரிந்து, 2 மி.மீ. தடிமனுள்ள லீடு, அதாவது எழுதும் கரிக்குச்சி, தானாகவே கீழே இறங்கும். விரல் வைத்துத் தடுக்காவிட்டால் முழுவதும் விழுந்துவிடும். வரையும்போது நுனி மழுங்குவதால் கோட்டின் தடிமன் மாறிக்கொண்டே இருக்கும். எனவே அடிக்கடி சீவ வேண்டும். அதற்காகவே 780-இன் பொத்தானுக்குள் ஒரு குட்டிச் சீவி ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது.

சீவும் வேலையை ஒழித்தது மெல்லிய லீடு. களிமண் கலந்த பழைய லீடு அவ்வளவு மெல்லிதானால் எளிதில் முறிந்துவிடும். ஜப்பானின் பென்டெல் நிறுவனம் 1960-இல் பிசின் கலந்து 0.9 மி.மீ. லீடைச் செய்தது, 1962-இல் 0.5 மி.மீ. வந்தது.

[காட்சி: நுனி, மிக அருகில்]

நடுவில் உள்ளது அந்த 0.5 மி.மீ. லீடைப் பயன்படுத்தும் கறுப்பு நிறப் பென்டெல் பி205. இதன் நுனியில் ஏறக்குறைய 4 மி.மீ. நீளத்தில் ஊசி போன்ற உலோகக் குழாய் நீண்டிருப்பதைக் கவனியுங்கள். ஸ்கேலின் விளிம்பில் பென்சிலைச் சாய்க்காமல் நிறுத்தும்போது தடித்த கூம்பு ஸ்கேலில் முட்டாமல், குழாய் மட்டும் விளிம்பை ஒட்டி ஓடுவதற்கே அந்த நீளம். கோடு விழும் இடமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, ஹாம்பர்க்கைச் சேர்ந்த ராட்ரிங் நிறுவனத்தின் 600. ஜெர்மன் மொழியில் ராட்ரிங் என்றால் சிவப்பு வளையம். அந்த வளையம் உடலிலேயே இருக்கிறது. பித்தளை உடல் அறுகோணமாக இருப்பதால் சாய்ந்த பலகையிலிருந்து உருண்டு விழாது. பிடியில் நர்லிங் வேலை, அதாவது வழுக்காமலிருக்க உலோகத்தில் செதுக்கிய சொரசொரப்பு, நன்றாக அமைந்திருக்கிறது, ஆனால் நாள் முழுவதும் வரைந்தால் விரலை உறுத்தும். எடையும் பி205-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். பார்ப்பதற்கு 600 அழகு. வரைவதற்கு என் கை தேடுவது அந்த எளிய பி205-ஐத்தான்.

பழையதை வாங்கும்போது பென்சிலை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்; குழாயின் நுனி வட்டமடித்து ஆடினால் அது வளைந்திருக்கிறது. பழைய எழுதுபொருள் கடையொன்றில் அப்படியொரு 600-ஐ வாங்கி, நிமிர்த்திவிடலாம் என்று குறடால் பிடித்தேன், குழாய் ஒடிந்துவிட்டது. கீறல்கூட இல்லாத அந்த உடல் இப்போது என் பெட்டியில் மூக்கில்லாமல் கிடக்கிறது.