சாக்டா சபையை ஊன்றியது போதகரின் குடும்பமே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் குறைவு என்பதால் வணக்கத்தையும் குறைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களிடையே திருச்சபையை ஊன்றியது போதகரின் பிரசங்கமா, போதகரின் குடும்பமா என்பது இன்றைய தலைப்பு. பிரசங்கமே என்று முழங்கிய எதிரணித் தலைவர், உட்காருவதற்கு முன்பு எங்களுக்கு 'அடுப்படி அணி' என்று பெயர் சூட்டிவிட்டார். பெயர் நன்றாகவே இருக்கிறது, வைத்துக்கொள்கிறோம். ஆனால் அவருடைய துணைவியார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இன்று இரவு அவருக்குச் சாப்பாடு எந்த அணியிடமிருந்து வரப்போகிறது என்பதை எண்ணி இப்போதே வருந்துகிறேன்.

1810இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கம் நமக்குப் புதிதன்று. 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் ஊழியர்களை அனுப்பியது அந்தச் சங்கம்தான். யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பி இரண்டு ஆண்டுகள் கழித்து, அதாவது 1818இல், சைரஸ் கிங்ஸ்பரி என்னும் போதகரை மிசிசிப்பி நாட்டுச் சாக்டா மக்களிடம் அனுப்பியது. யலபூஷா ஆற்றங்கரைக் காட்டில் அவரும் உடன் வந்த வில்லியம்ஸ் குடும்பத்தாரும் மரம் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டிய மரங்களை அடுக்கிக் குடில்கள் எழுப்பி, அந்த இடத்துக்கு எலியட் என்று பெயரிட்டார்கள். திருமணமான புதிதில் சாரா வார்னம் என்னும் மணப்பெண், கிங்ஸ்பரியின் மனைவியாக அந்த மரக்குடிலுக்கு வந்து சேர்ந்தார். போதகரின் மனைவியை நம் சபைகளில் ஐயரம்மா என்று அழைப்போமே, எலியட்டின் ஐயரம்மா அவர்தான்.

இப்போது 1819 ஏப்ரலுக்கு வாருங்கள். பள்ளிக்கூடம் கட்டி முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று என்ற செய்தி எப்படியோ ஊர் ஊராகப் பரவிவிட்டது. அதை நம்பி ஏறத்தாழ 160 மைல் தொலைவிலிருந்து சாக்டாப் பெற்றோர் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ரயில் இல்லை, பஸ் இல்லை, நல்ல சாலைகூட இல்லை. அவ்வளவு தூரம் கடந்து வந்தவர்களிடம், "இன்னும் கூரை போடவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்ல எந்த வாய் துணியும்?

நடுவர் அவர்களே, இந்தக் காட்சியை முதலில் எதிரணியின் வழக்குப்படி நடத்திப் பார்ப்போம். பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அன்பான பிள்ளைகளே, இன்றைய தியானத்தை மூன்று பகுதிகளாகப் பார்ப்போம் என்கிறார். முதலாவது பகுதியில் ஒரு பிள்ளை கொட்டாவி விடுகிறது. இரண்டாவது பகுதியில் ஒரு பிள்ளை தந்தையின் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. மூன்றாவது பகுதி தொடங்குவதற்குள் எட்டுப் பேரும் 160 மைல் திரும்பி நடக்கத் தொடங்கியிருப்பார்கள். அதிலும் அந்தப் பிரசங்கம் ஆங்கிலத்தில். ஏனென்றால் வந்து ஓராண்டுகூட ஆகாத போதகருக்குச் சாக்டா மொழி வாயில் ஏறவில்லை.

இப்போது அதே காட்சியை எங்கள் வழக்குப்படி பாருங்கள். அதே வாசல், அதே எட்டுப் பிள்ளைகள். இவர்களை எங்கே படுக்கவைப்பது, எதில் சோறு போடுவது, இருக்கிற மாவு எத்தனை நாளைக்கு வரும் என்று வீட்டுக்குள்ளே கணக்கு ஓடுகிறது. பள்ளிக்கு ஆசிரியர் தயாராவதற்கு முன்னால் அடுப்பு தயாராக வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அந்த ஏப்ரல் மாதத்திலேயே பள்ளி தொடங்கியது. கூரை இல்லாமல் பள்ளி தொடங்கலாம் நடுவர் அவர்களே. கரும்பலகை இல்லாமலும் தொடங்கலாம். உலை வைக்காமல் விடுதிப் பள்ளி தொடங்க முடியுமா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை, சாக்டா மக்களே சொன்னார்கள். அதே ஆண்டில் கூடிய அவர்களுடைய அவையில் பள்ளிக்கு உதவி வேண்டும் என்று கிங்ஸ்பரி கேட்டபோது, சாக்டாக்கள் பணமும் கொடுத்தார்கள், கன்றோடு பசுக்களையும் கொடுத்தார்கள். பிரசங்க பீடம் செய்ய மரம் கொடுத்ததாக நான் படித்ததில்லை. கன்றோடு பசு எதற்கு? போதகர் அதன் மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்யவா? பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்பது அந்த அவைக்குப் புரிந்திருந்தது. எதிரணிக்குத்தான் இருநூறு ஆண்டுகள் கழித்தும் புரியவில்லை.

எங்கள் அணிக்கு நிலையான சாட்சி ஒன்றும் உண்டு. சாக்டா மக்கள் பின்னாளில் பெயர்ந்து போன ஓக்லஹோமாவில், அவர்களுடைய ஆலயங்களைச் சுற்றிச் சிறு சிறு வீடுகள் இருந்தன. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு வீடு கட்டி, ஆராதனை நாள்களில் அங்கேயே தங்கி, சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறியது. நம் ஊர் ஆலயங்களில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் என்ற பொதுப்பந்தி வைப்பதைப் போன்றது அது. நடுவில் ஒரு பிரசங்க பீடம்; சுற்றிலும் அத்தனை அடுப்புகள். யார் பெரும்பான்மை என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பவுல் அப்போஸ்தலன் மணம் முடிக்காமலே சபைகளை ஊன்றினாரே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பவுல் ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பிரிஸ்கில்லாள் ஆக்கில்லா என்பவர்களின் வீட்டிலே கூடுகிற சபைக்கு வாழ்த்து அனுப்புகிறார். அவருக்கு வீடு இல்லாவிட்டாலும் அவருடைய சபைக்கு ஒரு வீடு தேவைப்பட்டது.

பைங்டன் என்ற மிஷனரி எழுதிய சாக்டா மொழி அகராதியையும் இலக்கணத்தையும் எதிரணி தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. சைரஸ் பைங்டன் பெரியவர்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. வழக்கறிஞராக இருந்து ஊழியத்துக்கு வந்து, டேவிட் ஃபோல்சம் போன்ற சாக்டாத் தலைவர்களின் துணையோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த மொழிக்கு உழைத்தார். 1868இல் அவர் இறந்தபோது இலக்கணத்தை ஏழாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தார்; அகராதி அச்சாகி வந்ததோ 1915இல். ஒருவர் ஒரே நூலை ஏழு முறை திருத்துகிறார் என்றால், அந்த வீட்டில் இன்னொருவர் எத்தனை முறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும்? அந்த இன்னொருவர் அவருடைய மனைவி சோஃபியா நை. அகராதியின் முகப்பில் அந்தப் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது.

பிரசங்கத்தின் வலிமை எவ்வளவு என்பதை 1830 செப்டம்பரில் டான்சிங் ராபிட் ஓடைக்கரையில் பார்த்தோம். சாக்டா மக்களின் மிசிசிப்பி நிலம் முழுவதையும் எழுதி வாங்க அமெரிக்க அரசு அங்கே அவை கூட்டியபோது, சூதாடிகளுக்கும் சாராயம் விற்பவர்களுக்கும் இடம் கிடைத்தது. மிஷனரிகள் உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். பத்தாண்டுப் பிரசங்கத்தால் ஒரே ஒரு கையெழுத்தை நிறுத்த முடியவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பேர் மேற்கே பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். வழியில் குளிரிலும் காலராவிலும் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டார்கள். அந்த மக்கள், தங்களைக் கைவிட்ட நாட்டின் மதத்தை ஏன் தூக்கி எறியவில்லை? வில்லியம்ஸ் குடும்பமும், ஆல்ஃபிரட் ரைட்டும் அவருடைய மனைவி ஹாரியட்டும், தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே புதிய நாட்டுக்குப் போனார்கள் என்பதால்தான் என்கிறேன். ரைட் இதய நோயாளி. வீலாக் என்னும் ஊரில் அவர் தொடங்கிய சபை 1846இல் கட்டிய கல் ஆலயம், இன்று ஓக்லஹோமாவில் நிற்கும் ஆலயக் கட்டடங்களுள் மிகப் பழையது. அவருடைய கல்லறையும் வீலாக்கிலேயே இருக்கிறது. சாக்டாக்களோடு வாழப் போனவர் அவர்களுடைய மண்ணிலேயே படுத்துக்கொண்டார்.

அந்தப் பயணத்தில் வந்த பிள்ளைகளில் ஒருவன் கிலியஹோட்டே. புறப்படும் முன்பே தாயை இழந்தவன். 1839இல் தந்தையையும் இழந்தான். அவனைக் கிங்ஸ்பரி குடும்பம் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டது. முதல் மனைவி சாரா அதற்கு நெடுங்காலம் முன்பே, 1822இல், மேஹ்யூ என்ற நிலையத்தில் இறந்துவிட்டார். அந்த வீட்டை அப்போது நடத்தியவர் இரண்டாம் மனைவி எலெக்டா மே. அனாதைச் சிறுவன் ஆலன் ரைட் ஆனான். நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் பட்டமும் யூனியன் இறையியல் கல்லூரியில் குருத்துவக் கல்வியும் பெற்றான். சங்கீதங்களை எபிரேயத்திலிருந்து நேராகச் சாக்டா மொழியில் பெயர்த்தான். 1866இல் சாக்டா நாட்டின் முதன்மைத் தலைவரானான். ஓக்லஹோமா என்னும் பெயரை முன்மொழிந்தவரே அவர்தான். பாருங்கள், 'ஆனான்' என்று சொல்லிக்கொண்டே வந்த என் நாக்கு, அதுவாகவே 'அவர்' என்று மாறிக்கொண்டது. ஒரு தட்டுச் சோறு கூடுதலாக வைத்த வீட்டிலிருந்து ஒரு மாநிலத்தின் பெயர் வந்தது நடுவர் அவர்களே.

இனி, எதிரணியின் இரண்டாம் பேச்சாளரிடம் வருகிறேன். "அடுப்படி, அடுப்படி என்கிறீர்களே, அந்த அடுப்படியில் வெந்தவள் போதகரின் மனைவியா? கூலிக்குப் பிடித்து வந்த அடிமைப் பெண்தானே!" என்று அவர் கேட்டார். அவை கைதட்டியது. நானும் தட்டினேன். ஏனென்றால் அது உண்மை.

சாக்டாக்களில் வசதி படைத்தவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். வேலைக்கு ஆள் போதாத மிஷன் நிலையங்கள் அந்த எசமானர்களுக்குக் கூலி கொடுத்து அவர்களுடைய அடிமைகளை அமர்த்திக்கொண்டன. கிங்ஸ்பரியும் உடனிருந்தவர்களும் அதற்குச் சமாதானங்கள் எழுதினார்கள். அடிமை வைத்திருப்போரைச் சபையிலிருந்து நீக்கவும் மறுத்தார்கள். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தச் சமாதானங்கள் எதுவும் என் மனத்தில் ஒட்டவில்லை.

ஆனால் நண்பரே, இந்தச் சாட்சியை எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பார்த்தீர்களா? 1848இல் அமெரிக்கன் போர்டின் செயலாளர் ட்ரீட் நேரில் வந்து விசாரித்தபோது, பிரசங்கங்களில் குற்றம் கண்டுபிடிக்க வந்தாரா? உங்கள் வீட்டில் யார் வேலை செய்கிறார்கள், உங்கள் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்பதே கேள்வி. 1859இல் போர்டு சாக்டா ஊழியத்தோடு தன் உறவை முறித்துக்கொண்டதே, அது இந்த ஒரு பூசலால்தான். நாற்பது ஆண்டுப் பிரசங்கத்தை வீட்டு வாசலில் நடந்த ஒரு காரியம் கவிழ்த்தது. வீடு நன்றாக இருந்தபோது சபை எழுந்தது. வீட்டில் அநியாயம் புகுந்தபோது சபை தலைகுனிந்தது. எழுப்பினாலும் கவிழ்த்தாலும் வீடுதான் செய்தது என்றால், நீங்கள் பேசியது எந்த அணிக்காக? தயவுசெய்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. அந்த அடிமைப் பெண் என்றீர்களே, அவர்களில் ஒருத்தியின் பெயர் எனக்குத் தெரியும். மினர்வா. கணவன் பெயர் வாலஸ் வில்லிஸ். சாக்டா எசமானர் அந்த இருவரையும் ஸ்பென்சர் அகாடமி என்ற மிஷன் பள்ளிக்கு வேலைக்கு அனுப்பினார். மாலையில் வேலை ஓய்ந்த பிறகு அவர்கள் பாடுவார்கள். பள்ளியை நடத்திய போதகர் அலெக்ஸாண்டர் ரீட் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். இடையில் உள்நாட்டுப் போர் வந்து போயிற்று, அடிமை முறை ஒழிந்தது. 1871இல் ரீட் கிழக்கே போயிருந்தபோது, ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர் பாடகர் குழுவின் பாட்டைக் கேட்டார்; கேட்டதும், இதைவிடச் சிறந்தவற்றை நான் வாலஸிடமும் மினர்வாவிடமும் கேட்டிருக்கிறேன் என்ற நினைவு அவருக்கு வந்து, அந்தப் பாடல்களை அந்தக் குழுவுக்குக் கொடுத்தார். அந்தக் குழு 1873இல் இங்கிலாந்தின் விக்டோரியா அரசியின் முன்பும் பாடியது. ரீட் கொடுத்த அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் உலகமெங்கும் ஆலயங்களில் பாடப்படுகின்றன.

ஸ்பென்சர் பள்ளியில் ரீட் செய்த பிரசங்கம் ஒன்றின் ஒரே ஒரு வரியை இந்த அவையில் யாராவது சொல்ல முடியுமா? என்னால் முடியாது. ரீட் ஊதியம் பெற்றார். வாலஸும் மினர்வாவும் பெறவில்லை. அவருக்குப் பீடம் இருந்தது; அவர்களுக்குக் குடிசை வாசல் இருந்தது. மினர்வா போதகரின் மனைவி அல்லர், அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாக எந்தப் பதிவேட்டிலும் எழுதப்பட்டவர் அல்லர் என்று எதிரணி எழுந்து சொல்லும். சட்டப்படி சரியாகவும் இருக்கும். நடுவர் அவர்களே, சட்டத்தை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். பிரசங்க பீடத்தின் பக்கம் அந்த அம்மாளுக்கு ஒரு நாளும் நாற்காலி போடப்படவில்லை. எங்கள் அணியில் நாங்கள் மூவர் இருக்கிறோம், நான்காவது நாற்காலி காலியாக இருக்கிறது. மினர்வா இங்கே உட்காரலாமா, கூடாதா என்பதை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். வணக்கம்.