ஒரு வருடம் ஆக்டிங் ஓட்டுங்கள்

வணக்கம் நேயர்களே. டாக்சித் தொழிலுக்கு வர நினைக்கிற இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன். பெற்றவர்களைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வண்டிக்குக் கட்டுகிற முன்பணம் பெரும்பாலும் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் வருகிறது.

பொள்ளாச்சியில் எங்கள் ஸ்டாண்டுக்கு வருகிற பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த வண்டி எடுக்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதுவும் எடுக்காதே தம்பி, ஒரு வருடம் ஆக்டிங் ஓட்டு, அதாவது அடுத்தவர் வண்டியை நாள் சம்பளத்துக்கு ஓட்டு என்பேன். முகம் சுருங்கிவிடும். பரவாயில்லை, இன்று உங்களிடமும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 18 வயதில் காருக்கு எல்.எல்.ஆர்., அதாவது ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ் போடலாம், அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ். ஆனால் வாடகை வண்டி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் கார் லைசென்ஸ் மட்டும் போதாது, பேட்ஜும், அதாவது வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி இல்லை என்று சொல்லி, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுப்பார்கள். வழக்கு பல வருடம் இழுத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு அதை முடித்து வைத்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியாக இருந்தால், சாதாரணக் கார் லைசென்ஸிலேயே வாடகைக்கும் ஓட்டலாம்.

நல்ல தீர்ப்பு. ஏழைப் பையன்களுக்கு ஒரு அலைச்சல் குறைந்தது. ஆனால் எனக்குக் கவலையும் இருக்கிறது. லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு மஞ்சள் போர்டு வண்டியைத் தவணையில் எடுத்துவிடுகிறார்கள். ஆடி வருகிறது, கல்யாணச் சவாரி இல்லை. டியூ தேதி மட்டும் தவறாமல் வருகிறது. அதைக் கட்ட ராத்திரியும் பகலும் தூங்காமல் ஓட்டுகிறான். என் பயமெல்லாம் அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான்.

ஆக்டிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு முதலாளியின் டிரைவர் லீவில் இருப்பார், அல்லது ஒரு வீட்டில் கார் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. அன்றைக்கு மட்டும் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கி வருவது. வண்டியின் டியூ, டயர், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் வண்டிக்காரர் பாடு. நமக்குத் தொழில் பழகுகிறது. இன்றைக்கு ஒரு வண்டி, நாளைக்கு வேறு வண்டி. எந்த வண்டி எவ்வளவு டீசல் குடிக்கும், எது மலையில் இழுக்கும் என்று சொந்தப் பணம் போடாமலே தெரிந்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் முதன்முதலாக வால்பாறைக்கு ஆக்டிங் போனபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, அம்பாசிடர் வண்டி, பின்னால் ஒரு குடும்பம், கைக்குழந்தை வேறு. கிளம்பும் முன்பே அந்த அம்மாவிடம், "வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்மா, குழந்தைக்குக் குமட்டினால் உடனே சொல்லுங்க, நிறுத்துறோம்" என்றார். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் பயமில்லாமல் வந்தது. வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும் என்பதையும் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "எந்தக் கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல இறங்கு. பிரேக்கை நம்பி இறங்காதே." சரி என்று இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினேன். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து எங்களை முந்திப் போனது. எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. பெரியண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஒன்பதாவது வளைவில் அணை தெரியும் காட்சிமுனை இருக்கிறதே, அங்கே பார்த்தால் அதே வண்டி ஓரமாக நிற்கிறது. சக்கரத்திலிருந்து புகை, கருகிய வாடை. டிரைவர் சின்னப் பையன், பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனான். பெரியண்ணன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கொதிக்கிற பிரேக் டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், தானே ஆறட்டும்" என்றார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஆறும் வரை அவனோடேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டியில் வந்தவர்களும் முணுமுணுக்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்திருந்தால் அவன் அப்படி இறங்கியிருக்க மாட்டான். இதற்குத்தான் ஆக்டிங் என்கிறேன், திரும்பவும் சொல்கிறேன், ஒரு வருடம் போதும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை, தைப்பூசத்துக்குப் பழனி, கோடையில் ஊட்டி என்று ஒரு சுற்று சுற்றினால், எந்த மாதம் சவாரி குவியும், எந்த மாதம் ஸ்டாண்டில் காய வேண்டும் என்று கணக்கு தெரிந்துவிடும். அதற்கப்புறம் வண்டி எடுங்கள், டியூவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணி காட்டுகிறார்கள். வாடகை பேசுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். கிலோமீட்டருக்கு எவ்வளவு, வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப ஷெட்டுக்கு வரும் வரை கணக்கா, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு, இரவு தங்கினால் எவ்வளவு, எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே பேசி டிரிப் ஷீட்டில் எழுதிவிடுங்கள். கேரளாவுக்குள் போவதானால் அந்த வண்டியின் பெர்மிட்டை முதல் நாளே பாருங்கள், செக்போஸ்ட்டில் போய்ப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இது முக்கியம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டச் சொல்லி ஆக்டிங் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அதற்குப் பெர்மிட் கிடையாது, விபத்து என்றால் இன்சூரன்ஸும் சிக்கலாகிவிடும். பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவதைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு இன்று நேரமில்லை. ஆனால் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்தால் அவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க நான் தயார். வணக்கம்.