ஏழும் ஏழும் ஏழும் இருபத்தொன்றா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சகோதரர்களே, வேதத்தின்மீது கொண்ட அன்பினால் இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமும் யோவான் கண்ட தரிசனங்களைச் சொல்வதுமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும், ஒரு புஸ்தகச்சுருளின் ஏழு முத்திரைகளும், தூதர்கள் ஊதும் ஏழு எக்காளங்களும், தேவகோபம் ஊற்றப்படும் ஏழு கலசங்களும் ஒன்று முடிந்தபின் ஒன்றாக நடக்கும் இருபத்தொரு நிகழ்ச்சிகளா, அல்லது ஒரே காலத்தை மூன்று முறை காட்டும் தரிசனங்களா என்பதே இன்றைய தலைப்பு. இரண்டாவதே சரி என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் மூன்று சான்றுகளை வைத்தார். "இவைகளுக்குப்பின்பு" கண்டதாக யோவான் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது ஒன்று. நான்காம் முத்திரையில் பூமியின் காற்பங்கு, எக்காளங்களில் மூன்றிலொரு பங்கு, கலசங்களில் எல்லாமே என்று அழிவு ஏறிக்கொண்டே போகிறது என்பது இன்னொன்று. ஏழாம் முத்திரை உடைந்த பிறகுதான் தூதர்களுக்கு எக்காளங்கள் கொடுக்கப்படுகின்றன என்பது மூன்றாவது. மூன்றும் வசனத்திலிருந்து எடுத்தவை; ஆகவே நானும் வசனத்தைக் கொண்டே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நடுவர் அவர்களே, ஆறாம் அதிகாரத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஆறாம் முத்திரை உடைகிறது. சூரியன் கறுத்துப்போகிறது, சந்திரன் இரத்தம்போலாகிறது, பெருங்காற்றில் அத்திக்காய்கள் உதிர்வதுபோல நட்சத்திரங்கள் பூமியில் விழுகின்றன, வானம் சுருட்டப்பட்ட புஸ்தகம்போல விலகிப்போகிறது, மலைகளும் தீவுகளும் தங்கள் இடத்தைவிட்டு அகல்கின்றன. ராஜாக்கள் முதல் அடிமைகள் வரை எல்லோரும் குகைகளில் ஒளிந்துகொண்டு, கோபாக்கினையின் மகாநாள் வந்துவிட்டது என்று அலறுகிறார்கள். இதற்குமேல் என்ன மிச்சம்? ஆனால் எட்டாம் அதிகாரத்தில் நான்காம் தூதன் எக்காளம் ஊதும்போது சூரியனிலும் சந்திரனிலும் நட்சத்திரங்களிலும் மூன்றிலொரு பங்கு மட்டுமே இருளடைகிறது. பதினாறாம் அதிகாரத்தில் ஏழாம் கலசம் ஊற்றப்படும்போது தீவுகள் யாவும் அகன்றுபோகின்றன, பர்வதங்கள் காணப்படாமற்போகின்றன. வரிசை என்று கொண்டால், உதிர்ந்துபோன நட்சத்திரங்கள் மறுபடியும் வானத்தில் ஏற வேண்டும். அகன்றுபோன தீவுகள் மறுபடியும் வந்து நிற்க வேண்டும். அப்படி ஒரு வசனம் புத்தகம் முழுவதிலும் இல்லை.

"இவைகளுக்குப்பின்பு" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஏழாம் அதிகாரம் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. அங்கே நான்கு தூதர்கள் பூமியின் நான்கு காற்றுகளைப் பிடித்திருக்கிறார்கள். தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றிகளில் முத்திரை போட்டுத் தீருமட்டும் பூமியையும் சமுத்திரத்தையும் மரங்களையும் சேதப்படுத்தக்கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை வருகிறது. முந்தைய அதிகாரத்தில் வானமே சுருட்டப்பட்ட பிறகு, இனிமேல்தான் மரங்களுக்குச் சேதம் வரவேண்டும் என்று எப்படிப் படிப்பது? யோவான் இவைகளுக்குப்பின்பு கண்டார் என்பது உண்மை. இவைகளுக்குப்பின்பு நடந்தது என்று அவர் சொல்லவில்லை. பத்முதீவில் அவர் எழுதியது தாம் கண்ட வரிசையை.

பன்னிரண்டாம் அதிகாரம் இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. பதினோராம் அதிகாரத்தின் முடிவில் ஏழாம் எக்காளம் முழங்கி, உலகத்தின் ராஜ்யங்கள் கர்த்தருக்கும் அவருடைய கிறிஸ்துவுக்கும் உரியவையாகி, மரித்தோர் நியாயத்தீர்ப்பு அடையும் காலமும் வந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் ஒரு ஸ்திரீ பிரசவ வேதனைப்படுகிறாள்; சகல ஜாதிகளையும் இருப்புக்கோலால் ஆளப்போகும் ஆண்பிள்ளை பிறக்கிறது. இரண்டாம் சங்கீதத்தின் வார்த்தைகள் அவை. அந்தப் பிள்ளை கிறிஸ்து என்பதை நம்மில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வோம். நியாயத்தீர்ப்புக்குப் பிறகு கிறிஸ்து பிறந்தார் என்று எதிரணி சொல்லப்போவதில்லை. ஆக, புத்தகத்தின் நட்டநடுவிலேயே தரிசனம் பின்னோக்கிப் போகிறது.

அழிவு ஏறிக்கொண்டே போகிறதே என்றார் சகோதரர். ஏறுகிறது, மறுக்கவில்லை. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதே பள்ளத்தாக்குதான் தெரிகிறது. மேலே போகப்போக இன்னும் அகலமாகத் தெரிகிறது. நான்காம் அதிகாரத்தில் சிங்காசனத்திலிருந்து மின்னலும் இடிமுழக்கமும் சத்தமும் புறப்படுகின்றன. ஏழாம் முத்திரையில் அவற்றோடு பூமியதிர்ச்சி சேர்கிறது. ஏழாம் எக்காளத்தில் பெருங்கல்மழையும் சேர்கிறது. ஏழாம் கலசத்தில் அதே மின்னல், அதே இடி, அதுவரை உண்டாகாத பூமியதிர்ச்சி, தாலந்து என்னும் பெரிய எடையுள்ள கல்மழை. மூன்று பாதைகளும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் கண்டதில்லை.

இது இக்காலத்தவர் புனைந்த வியாக்கியானமும் அல்ல. இந்தப் புத்தகத்துக்கு லத்தீனில் எழுதப்பட்டு இன்று நம் கையில் இருக்கும் உரைகளில் மிகப் பழமையானது, 304-ஆம் ஆண்டளவில் இரத்தசாட்சியாக மரித்த பெத்தாவு நகரத்து விக்டோரினுஸ் எழுதியது. எக்காளங்களில் சொன்னதையே கலசங்களில் ஆவியானவர் இன்னும் நிறைவாகச் சொல்கிறார் என்றும், இங்கே வரிசையைத் தேடாமல் பொருளைத் தேட வேண்டும் என்றும் அவர் எழுதினார். அவரோ கிறிஸ்து பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்ற ஆயிரவருட அரசாட்சியை நம்பியவர். ஆகவே எங்கள் வாதத்தை ஏற்றால் ஆயிரவருட அரசாட்சியைக் கைவிட நேரிடும் என்று அவையில் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கேள்வியில் எங்கள் அணிக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு.

வேதத்துக்கும் இது புதிய பழக்கமல்ல. எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் சொப்பனத்தில் செழுமையான ஏழு பசுக்களையும் மெலிந்த ஏழு பசுக்களையும் கண்டான். பிறகு அப்படியே ஏழேழாகக் கதிர்களைக் கண்டான். இரண்டையும் வரிசையில் வைத்திருந்தால் பதினான்கு வருஷம் செழிப்பு, பதினான்கு வருஷம் பஞ்சம் என்று கணக்கு வந்திருக்கும். சொப்பனம் ஒன்றுதான் என்றார் யோசேப்பு. தானியேலின் புத்தகத்தில் ஐந்தாம் அதிகாரத்தில் பெல்ஷாத்சார் கொலையுண்கிறான். ஏழாம் அதிகாரத்துத் தரிசனமோ அவனுடைய முதலாம் வருஷத்தில் உண்டானது; அங்கேயும் புத்தகத்தின் வரிசை வேறு, காலத்தின் வரிசை வேறு.

வரிசைப்படுத்துவதில் என்ன தவறு என்று கேட்கலாம். 1838-இல் அமெரிக்காவில் ஜோசையா லிட்ச் என்ற போதகர் எக்காளங்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கினார். ஒரு நாள் ஒரு வருஷம் என்று கொண்டு, ஐந்தாம் எக்காளத்தின் ஐந்து மாதத்தை 150 வருஷமாக்கினார். ஆறாம் எக்காளத்தின் மணிநேரம், நாள், மாதம், வருஷம் ஆகியவற்றைக் கூட்டி 391 வருஷமும் 15 நாளும் ஆக்கினார். 1299 ஜூலை 27-இல் தொடங்கி எண்ணி, 1840 ஆகஸ்ட் 11-இல் ஒட்டோமன் வல்லமை முறியும் என்று முடிவாகக் கணித்தார். ஒட்டோமன் சுல்தான்களின் ஆட்சி 1922 வரை நீடித்தது. ஆனால் அந்தக் கணக்கு பலித்துவிட்டதாக நம்பியவர்கள், கர்த்தரின் வருகைக்குக் காலம் கணித்த வில்லியம் மில்லரின் இயக்கத்தில் இன்னும் உறுதியோடு சேர்ந்து, 1844 அக்டோபர் 22-இல் கர்த்தர் வருவார் என்று காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். அவர்களை நான் ஏளனம் செய்யவில்லை. கர்த்தரை நேசித்தவர்கள் அவர்கள். நம் எதிரணிச் சகோதரர்கள் தேதி குறிப்பவர்கள் அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் தரிசனங்களைச் சங்கிலியாகக் கோத்துவிட்டால், அதன் ஒரு முனையை ஏதோ ஒரு வருஷத்தில் கட்டிவிட யாராவது வரத்தான் செய்வார்கள்.

மீதமிருப்பது ஏழாம் முத்திரைக்குள் எக்காளங்கள் இருக்கின்றன என்ற சான்று. அதை நீட்டி, ஏழாம் எக்காளத்துக்குள் கலசங்கள் இருக்கின்றன என்றும் சகோதரர் சொன்னார். அவர் தரப்பில் மிகவும் வலுவான வாதம் இதுதான். ஆனால் பத்தாம் அதிகாரத்தில் ஒரு தூதன் வானத்துக்கு நேராகக் கையை உயர்த்தி, இனி காலம் செல்லாது என்றும், ஏழாம் தூதன் ஊதும்போது தேவரகசியம் நிறைவேறும் என்றும் ஆணையிடுகிறான். அவன் ஊதியபோது ராஜ்யம் வந்தாயிற்று, மரித்தோரின் காலமும் வந்தாயிற்று என்று பரலோகத்தில் பாடினார்கள். அதற்குப் பிறகு கலசங்களின் ஏழு வாதைகளுக்கு இடம் எங்கே என்று கேட்டால், அந்தப் பாட்டு பின்னால் வரப்போவதை முன்கூட்டியே சொன்னது என்பார்கள். கடைசியில் நடப்பது முன்னே சொல்லப்பட்டிருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டால், சொன்ன வரிசை வேறு, நடக்கும் வரிசை வேறு என்றாகிவிடுகிறது. எங்கள் அணி தொடக்கமுதல் சொல்லிவருவதும் அதையேதான், நடுவர் அவர்களே. அடுத்துப் பேசவரும் எதிரணிச் சகோதரர் இதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி.