மைட், மஸ்ட், ஷுட்: தங்கச்சிமடம் கூட்டத்துல நான் பேசினது

மேடையில இருக்குற ஊராட்சித் தலைவர் அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் பெரியவர்களே, தலைமையாசிரியர் அய்யா அவர்களே, மைக்செட்டுக்கு காசு வாங்காத தம்பி, எல்லாருக்கும் வணக்கம். யாரயாவது விட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க, போன கூட்டத்துல விட்டுப்போன ஒருத்தர் இன்னும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

தலைப்பு, இங்கிலீஷ்ல சந்தேகமாவும் நிச்சயமாவும் எப்படிப் பேசுறது. மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு மே, மைட், மஸ்ட், ஷுட். ரெண்டு மேபி, ப்ராபப்ளி. மூணு ஐ டவுட். ஆழம் தெரியாம கால விடாதேம்பாங்க, இதுக்கும் அதேதான்.

ஹீ மஸ்ட் பி அட் ஹோம்னா வீட்ல இருந்தே ஆகணும்னு உத்தரவு இல்ல, வாசல்ல பைக் நிக்குது, லைட் எரியுது, அப்ப வீட்லதான் இருப்பான்னு நாம கணிக்கிறது. இருக்கவே மாட்டான்னு சொல்ல மஸ்ட்நாட் போடக்கூடாது, காண்ட் பி. மே, மைட்டுன்னா இருந்தாலும் இருக்கலாம், மைட்டுல இழுவை கொஞ்சம் ஜாஸ்தி. இந்த ஷுட் இருக்கே, அதுதான் ஆள கவுக்குறது.

எங்க மச்சான் நண்டு யாவாரம். வெளியூர் கம்பெனி ஒண்ணு சரக்கு எடுத்துட்டுப் போயி காசு வரல. போன் போட்டா மேனேஜர் ‘பேமெண்ட் ஷுட் கம் பை ஃப்ரைடே’ன்னுட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டு தெருவே கேட்டுச்சு. ஷுட்னா வந்தே தீரணும்ல, அதனால ஐஸ்காரருக்கு வெள்ளிக்கிழமை, டீசலுக்கு வெள்ளிக்கிழமை, அடகுல கெடக்குற அக்கா செயினுக்கும் வெள்ளிக்கிழமைன்னு வாக்கு குடுத்துட்டாரு. அக்கா காலையிலயே தலைக்குக் குளிச்சு நல்ல சேலை கட்டி அடகுக்கடை வாசல்ல போய் உக்காந்துருச்சு. மச்சான் போனையே பாக்குறாரு, டிங்குனு மெசேஜ், தொறந்தா ரீசார்ஜ் நாளையோட முடியுதாம். சாயங்காலம் கேட்டா மேனேஜர், ‘ஐ செட் ஷுட், நாட் வில்’. எல்லாம் ஒழுங்கா நடந்தா வரும்னு நெனைக்கிறேன், அந்த ஷுட்டுக்கு அவ்ளோதான் கனம். ஆழம் தெரியாம கால விட்டாச்சு. செயின் எப்ப திரும்புச்சுன்னு கேக்காதீங்க, அக்கா முன்வரிசையில உக்காந்திருக்கு.

தலைமையாசிரியர் சீட்டு குடுக்குறாரு, அஞ்சு நிமிஷமாம். சரி ரெண்டாவது விஷயம், அதுக்கு முன்னாடி சங்கத் தலைவர் இருக்கும்போதே ஒண்ணு சொல்லிக்கிறேன். மழை, காத்து அறிக்கையில லைக்லி, வெரி லைக்லின்னு வருதுல்ல. நம்ம வானிலைத் துறை கணக்குல வெறும் லைக்லின்னா 50 சதவீதத்த தாண்டாது, வெரி லைக்லின்னா 51லேர்ந்து 75. அதே லைக்லிய ஐபிசிசிங்கிற ஐநா குழுவோட பருவநிலை அறிக்கையில போட்டா 66 சதவீதத்துக்கு மேல. நம்ம வாட்ஸப்புக்கு வரும்போது எல்லாமே ‘வாய்ப்பு உள்ளது’ன்னு ஒரே வரியாயிருது. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய கடலுக்குக் குடுத்த ஊருக்காரங்க நாம, பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா எத்தனாம் நம்பர்னு சின்னப்புள்ளகூட கேக்குது, மழைக்கு மட்டும் ஏன் நம்பர் கேக்க மாட்டேங்குறோம்? கடலுக்குப் போறவனப் போயி ஆழம் தெரியாம கால விடச் சொல்லலாமா? கடலுக்குப் போக டோக்கன் குடுக்குற எடத்துல ஒரு கரும்பலகை, தினமும் எத்தனை சதவீதம்னு தமிழ்ல, இவ்ளோதான் கேக்குறேன், மனு மேல மனு குடுத்தாச்சு.

மேபி, ப்ராபப்ளியையும் ஐ டவுட்டையும் இன்னொரு நாள் பாப்போம். கையெழுத்து நோட்டு வாசல்ல டீ கேன் பக்கத்துல இருக்கு, போட்டுட்டுப் போங்க, பேனாவ மட்டும் திருப்பி வச்சிருங்க.